குதிரையை வெட்டுக்கொடுத்த வரலாறு: பினாங்கில் சேர்ந்த பலகைகள்

சதுரங்கத்தில் யாராலும் வழிமறிக்க முடியாத காய் குதிரை. எட்டத்திலிருந்து தேரோ ராணியோ செக் வைத்தால் நடுவில் ஒரு சிப்பாயை நிறுத்தித் தப்பலாம். குதிரையின் செக்குக்கு அந்த வழி கிடையாது. அரசன் விலக வேண்டும், இல்லையென்றால் குதிரையை வெட்ட வேண்டும். நடுப்பலகையில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். மூலையில் நின்றால் இரண்டே கட்டங்கள். ஒவ்வொரு தாவலிலும் அது நிற்கும் கட்டத்தின் நிறம் மாறும். ஒரே தாவலில் அரசனையும் ராணியையும் சேர்த்துத் தாக்குவதும், சொந்தக் காய்களாலேயே அடைபட்ட அரசனை மூலையில் வைத்து முடிப்பதும் இந்தக் காய்க்கே கைவந்தவை. இத்தனை வலுவுள்ள குதிரையை வேண்டுமென்றே வெட்டுக்கொடுத்து ஆட்டத்தை வெல்லும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் முக்கியமான கிளைகளைப் பழகிய மக்கள் தமிழகக் கரையிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் தென்சீனத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய ஊர் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன்.

பலகையின் மூலையில் நிற்கும் காயைத் தமிழ்நாட்டில் இன்று பலர் யானை என்கிறார்கள். பழைய தென்னிந்திய, மலாய் வழக்கில் அது தேர். யானை நின்றது குதிரைக்கு அடுத்த கட்டத்தில். இந்தக் கட்டுரையில் மூலைக்காய் தேர் என்றே குறிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஆட்டத்தில் குதிரைக்கு அடுத்து நிற்கும் காய், இன்றைய வழக்கப்படி, மந்திரி.

சதுரங்கக் காய்களில் பல காலப்போக்கில் நடை மாறிவிட்டன. பழைய ஆட்டத்தில் அரசனுக்குப் பக்கத்தில் நின்ற அமைச்சர் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்வார். யானை மூலைவாட்டில் ஒரு கட்டத்தைத் தாண்டி இரண்டாவதில் இறங்கும். குதிரையும் தேரும் மட்டும் அன்று நடந்தபடியே இன்றும் நடக்கின்றன. அரபு ஆசிரியர்கள் காய்களுக்கு விலை குறித்தபோது தேருக்கு ஒரு திர்ஹம் என்றும் குதிரைக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றும் வைத்தார்கள். அமைச்சரும் யானையும் அதற்கு வெகுவாகக் கீழே இருந்தன. அந்தப் பலகையில் தேருக்கு அடுத்த வலிமை குதிரைக்குத்தான். அதனால் அக்காலத்துப் புதிர்களில் தேர்கள் பலியாகின்றன, வேலையை முடிப்பது குதிரையாக இருக்கிறது. தில்ஆராம் என்ற பெண்ணின் பெயரால் வழங்கும் புதிர் இதற்குச் சிறந்த சான்று. கதையின்படி, சூதில் எல்லாவற்றையும் இழந்த கணவன் கடைசியில் மனைவியையே பணயம் வைத்து ஆடுகிறான். தோல்வி நெருங்கும்போது, தேர்களைக் கொடுத்துத் தன்னைக் காக்கும்படி அவள் குறிப்புச் சொல்கிறாள். தீர்வில் இரண்டு தேர்களும் ஒன்றன்பின் ஒன்றாக எதிரி அரசன் கையால் வெட்டுப்படுகின்றன. யானை விலகித் தேருக்கு வழி திறக்கிறது, சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறிச் செக் வைக்கிறது, கடைசித் தாவலில் குதிரை செக்மேட் செய்கிறது. வலிமை மிகுந்த காயைக் கொடுத்து அரசனை ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கு இழுத்துவருவது, அங்கே குதிரையைக் காத்திருக்க வைப்பது என்ற திட்டம் அப்போதே முழுமை பெற்றுவிட்டது.

குதிரையின் நடையை ஆராய்ந்ததில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. பலகையின் எல்லாக் கட்டங்களையும் ஒரு முறை மட்டும் மிதித்து முடிக்கும் குதிரைப் பயணத்தை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் அல்-அத்லீ அறிந்திருந்தார். அதே நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் தம் காவ்யாலங்காரத்தில் அதைச் செய்யுள் வடிவமாக்கினார். காஞ்சிபுரத்துத் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளைப் பாடிய பாதுகா சஹஸ்ரம் 1008 சுலோகங்கள் கொண்ட வடமொழி நூல். அதன் சித்திரப் பத்ததியில் அடுத்தடுத்து வரும் இரண்டு சுலோகங்கள் இந்த வகையில் உச்சம் தொட்டவை. முதல் சுலோகத்தின் 32 அசைகளையும் நான்கு வரிசை, எட்டுப் பத்திகள் கொண்ட அரைப்பலகையில் வரிசையாக எழுதி, பிறகு குதிரை தாவும் முறையில் கட்டம் கட்டமாகப் படித்தால் இரண்டாம் சுலோகம் கிடைக்கும். இரண்டுமே பொருள் சிதையாமல் நிற்கின்றன. குதிரை எங்கிருந்து எங்கே எத்தனை தாவலில் போகும் என்பது தலைகீழ்ப் பாடமாக இல்லாத ஒருவர் இதைச் செய்திருக்க முடியாது. கணித அறிஞர் ஆய்லர் இதே சிக்கலை ஆராய்ந்தது 1759இல். மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய பயணங்கள் பலவற்றை அமைத்தார். எட்டுக்கு எட்டுப் பலகையில் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பும் பயணங்கள், திசையையும் கணக்கில் கொண்டால், 26,534,728,821,064 என்று இன்று கணிப்பொறி காட்டியிருக்கிறது.

வங்கக் கடலைத் தாண்டிய சதுரங்கம் மலாய் உலகில் சாத்தூர் ஆயிற்று. மார்ஸ்டனின் 'சுமத்திராவின் வரலாறு' (முதற்பதிப்பு 1783) தரும் பெயர்களில் ராஜா, மந்திரி, கஜா, குடா ஆகியவற்றோடு மூலைக்காய்க்குத் 'தெர்' என்ற பெயரும் இருக்கிறது. தமிழ்த் தேரே அங்கே போய் நின்றது என்பதை 1913இல் சதுரங்கத்தின் பெருவரலாற்றை எழுதிய எச்.ஜே.ஆர். முர்ரேயும் எடுத்துக்காட்டினார். சிப்பாய்க்கு வழங்கும் 'பீடாக்' அரபுச் சொல். ஆக, மலாய்ப் பலகையில் தமிழ்க் கரையின் தடமும் அரபு வணிகர்களின் தடமும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருக்கின்றன. சுமத்திராவின் பாசாயிலிருந்து மலாக்கா அரசவைக்கு வந்த சதுரங்க வல்லுநர் ஒருவரைப் பற்றிப் பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவும் பேசுகிறது.

இந்திய, மலாய் ஆட்டங்களில் நிலைத்த ஒரு விதி குதிரைத் தந்திரத்தை நேரடியாகப் பாதித்தது. அரசன் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். எப்போது தாவலாம் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. இந்திய முறையில், அதற்குள் செக் வாங்காத அரசனுக்கே அந்த உரிமை. ஐரோப்பிய ஆட்டத்தின் கோட்டை கட்டுதலுக்கு இணையான பாதுகாப்பு இது. தாக்குபவர் ஒரு காயைப் பலி கொடுக்குமுன் எதிரி அரசனுக்கு அந்தத் தாவல் மீதி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஒரு செக் வைத்து உரிமையைப் பறித்துவிட்டால், அதுவரை பலிக்காத தியாகம் பலிக்கத் தொடங்கும். முன்கூட்டியே வைக்கும் ஒரு செக்குக்கு இந்தப் பலகையில் இருந்த மதிப்பு ஐரோப்பியப் பலகையில் இல்லை.

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைக் கைக்கொண்டபின், இந்தப் பலகைகளுக்கு உரிய மக்கள் சில தெருக்களின் இடைவெளியில் வாழ்ந்தார்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா தெருவில் நிலைத்தார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் உருவானது. சுமத்திராத் தொடர்பின் மையமாக ஆச்சே தெருவும் அங்கே 1808இல் எழுந்த பள்ளிவாசலும் இருந்தன. ஹொக்கியன் சீனர்களின் குலச் சங்கங்கள் அவற்றை ஒட்டியே வளர்ந்தன. 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் இதே வட்டத்துக்குள்தான்.

சீனச் சதுரங்கத்தின் குதிரை வேறு இயல்பு கொண்டது. ஒன்பது நேர்கோடுகளும் பத்துக் குறுக்குக் கோடுகளும் சந்திக்கும் புள்ளிகளில் ஆடப்படும் அந்தப் பலகையில் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. தளபதி ஒன்பது புள்ளி அரண்மனையைவிட்டு வெளியே வருவதில்லை. அங்கே குதிரை முதலில் நேராக ஒரு புள்ளி, பிறகு மூலைவாட்டில் ஒரு புள்ளி என்று நடக்கிறது. முதல் புள்ளியில் வேறொரு காய் நின்றால் குதிரையின் கால் கட்டப்பட்டுவிடும், அந்தப் பக்கம் நகர முடியாது. அதனால் அங்கே குதிரை வைக்கும் செக்கை நடுவில் ஒரு காயை நிறுத்தித் தடுக்கலாம். இந்த ஒரு விதி தந்திரக் கணக்கு முழுவதையும் மாற்றுகிறது: ஒரு குதிரை மற்றொன்றைத் தாக்கும்போது, கால் கட்டப்பட்டிருந்தால் இரண்டாவது திருப்பித் தாக்க முடியாது.

சீன ஆட்டத்தில் ராணி இல்லை. தேரே பெரும்படை, இடையில் ஒரு காயைத் தாண்டினால்தான் வெட்டக்கூடிய பீரங்கி அதற்குத் துணை. தளபதிக்கு எதிரே ஒரு புள்ளி இடைவெளிவிட்டுக் குதிரை நின்றால், அவர் இருபக்கமும் விலக முடியாதபடி அது காவல் போட்டுவிடும். அந்தக் குதிரைக்குப் பின்னே அதே கோட்டில் பீரங்கி வந்து நின்றதும் குதிரையைத் தாண்டிச் செக் விழும். குதிரைக்குப் பின் பீரங்கி என்ற இந்த முடிவு சீன ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே கற்பது. குதிரைத் தியாகமும் அங்கே பழமையானது. சூ ஜின்ஜென் 1632இல் வெளியிட்ட 'ஜூ ஜொங் மி' என்ற நூலிலிருந்து வந்த 'குதிரையைக் கைவிடும் பதின்மூன்று நகர்வுகள்' சீன உலகில் இன்றும் பேசப்படும் தொடக்கம். எதிரி குதிரையை வெட்டச் செலவிடும் நேரத்தில் தேர்களும் பீரங்கியும் அரண்மனையை நோக்கிப் பாய்ந்துவிடுகின்றன. காயைக் கொடுத்து நேரத்தை வாங்கும் கலையை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பழைய பாடம் அரிது.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராணி பலகை முழுதும் ஓடும் வலிமை பெற்றதும் குதிரை பின்தள்ளப்பட்டது. தியாகங்களின் முறையும் மாறியது. 1497இல் வெளிவந்த லுசேனாவின் நூலிலேயே ராணியை அரசனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பலி கொடுத்து, அதைத் தேர் வெட்டியதால் அடைபட்ட அரசனைக் குதிரையால் முடிக்கும் ஆட்டம் இருக்கிறது. பாரிஸில் 18ஆம் நூற்றாண்டில் லெகால் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தில், ராணிக்கு முன்னால் கட்டுண்டு நிற்பதுபோல் தோன்றிய குதிரை ராணியைப் பறிகொடுத்துத் தாவி, துணைக் காய்களோடு செக்மேட் செய்கிறது. குதிரையையே கொடுக்கும் தியாகங்களில் அதிகப் பெயர் பெற்றது இத்தாலியர்களின் வழியில் வந்த முஸியோ காம்பிட். இதை ஆழமாக ஆராய்ந்த பழைய நூல்களில் ஒன்று மதராஸில் அச்சானது.

1828 - 29இல் மதராஸ் அணியும் ஹைதராபாத் அணியும் அஞ்சல் வழியாக இரண்டு சதுரங்க ஆட்டங்கள் ஆடின. மதராஸ் வென்றது. அந்த அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் குலாம் காசிம். கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து அவர் எழுதிய முஸியோ காம்பிட் ஆய்வு, இந்த இரண்டு ஆட்டங்களையும் இணைத்து 1829இல் மதராஸில் வெளியானது. காம்பிட்டின் போக்கு இது: வெள்ளை அரசன் பக்கத்து மந்திரியின் சிப்பாயைக் கொடுக்கிறது, கறுப்பு அதை வெட்டி, வெட்டிய சிப்பாயைக் காக்க இன்னொரு சிப்பாயை ஓட்டுகிறது. வெள்ளை குதிரையையும் மந்திரியையும் வெளியே எடுக்கிறது. கறுப்பின் சிப்பாய் மேலும் ஒரு கட்டம் வந்து குதிரையைத் தாக்குகிறது. இங்கே வெள்ளை குதிரையை விலக்காமல் கோட்டை கட்டுகிறது. குதிரை வெட்டுப்படும், அதை வெட்டிய சிப்பாயை ராணி வெட்டும். இப்போது வெள்ளையின் ராணி, தேர், மந்திரி மூன்றும் கறுப்பு அரசனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு பலவீனக் கட்டத்தை நோக்கி நிற்கின்றன. கறுப்பின் பெரிய காய்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. குலாம் காசிமின் பெயரால் இன்றும் வழங்கும் கிளையில் வெள்ளை கோட்டை கட்டுவதற்குப் பதில் நடுச்சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. நடுப்பலகை கைக்கு வருகிறது, இன்னொரு மந்திரிக்கும் வழி திறக்கிறது. குதிரை வெட்டுப்படுவது வெட்டுப்படட்டும் என்ற துணிவு. அரசனின் பாதுகாப்பைவிடப் படைதிரட்டலை முதலில் வைத்த தீர்ப்பு அது.

கோட்டை கட்டுதலும், சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போவதும் இந்திய முறைக்குப் புதியவை. குலாம் காசிம் பிற நாட்டு விதிகளைக் கற்று, அந்த விதிகளில் பிறந்தவர்களுக்கே பாடமாகும் நூலை எழுதினார். 1844இல் அவர் மறைந்தார். தமிழகத்துச் சதுரங்க வரலாறு பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லப்படுகிறது; அதற்கு நூறு ஆண்டு முன்பே மதராஸ் உலக ஆட்டத்துக்கு ஒரு குதிரைத் தியாகத்தைத் தந்துவிட்டது என்பது உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

மதராஸுக்கும் பினாங்குக்கும் அக்காலத்தில் கப்பல் போக்குவரத்து இடைவிடாதது. பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் காவலுக்கு மதராஸ் படைப்பிரிவுகள் வந்துபோயின. 1830 முதல் பினாங்கின் நிர்வாகம் வங்காளத்தின் கீழ் சென்றது; 1867 ஏப்ரல் 1 வரை தலைமை கல்கத்தாவில்தான். அந்தக் கல்கத்தாவும் தன் பெயருக்கு ஒரு குதிரைத் தியாகம் வைத்திருக்கிறது. அங்கே வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன், மதராஸின் ஜேம்ஸ் காக்ரேன் அல்லர், 1848இல் மகேஷ்சந்திர பானர்ஜிக்கு எதிரே நான்காவது நகர்விலேயே குதிரையால் அரசனுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டினார். அரசன் குதிரையை வெட்டியே ஆக வேண்டும். வெள்ளைக்குக் கைமாறாகக் கிடைப்பவை இரண்டு சிப்பாய்களும் கோட்டை கட்ட வழியற்றுப்போன எதிரி அரசனும். காக்ரேன் காம்பிட் என்ற இந்த வரிசையை 1999இல் லினாரெஸ் போட்டியில் தோபலோவ் கிராம்னிக்குக்கு எதிராகவே ஆடி டிரா செய்தார். மகேஷ்சந்திரரும் வெறும் எதிராளி அல்லர். சிப்பாய்களை மெல்ல நகர்த்தி மந்திரியைப் பக்கவாட்டில் வைக்கும் அவருடைய இந்தியப் பாணி, பின்னால் இந்தியத் தற்காப்புகள் என்று பெயர் பெற்ற தொடக்கங்களுக்கு முன்னோடி.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டைனிட்ஸ் தற்காப்பை அறிவியலாக்கியபின் இத்தகைய வெளிப்படையான தியாகங்கள் மேல்மட்டத்தில் குறைந்தன. கொடுத்த குதிரையை ஏற்றுக்கொண்டு, தக்க நேரத்தில் ஒரு காயைத் திருப்பிக் கொடுத்துத் தாக்குதலை அணைக்கும் வித்தையை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். மீண்டும் அதற்கு உயிர் கொடுத்தவர் லாட்வியாவின் மிகயில் தால். 1960 உலகப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் பொத்வின்னிக்குக்கு எதிராக அவர் 21ஆம் நகர்வில் ஒரு குதிரையை எஃப்-4 கட்டத்தில் வெட்டுக்கு வைத்தார். அரங்கில் எழுந்த ஆரவாரத்தால் ஆட்டத்தையே வேறு அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. தால் வென்றார். சரியான தற்காப்பு இருந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடிகாரம் ஓடும்போது அதைக் கண்டுபிடிப்பது வேறு. தியாகத்தின் மெய்யான வலிமை இந்த இடைவெளியில் இருக்கிறது.

முதலாவது ஆசிய அணிச் சதுரங்கப் போட்டி 1974இல் நடந்தது பினாங்கில். பிலிப்பீன்ஸ் முதலிடம் பெற்றது. பிலிப்பீன்ஸின் யூஜினியோ தோரே ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வென்றதும் அதே ஆண்டில்தான். ஆசிய நாடுகளின் அணிகள் ஐரோப்பியப் பலகையில் முதல்முறையாகக் கூடுவதற்கு, தமிழ்த் தேரும் மலாய்க் குடாவும் கால் கட்டப்படும் சீனக் குதிரையும் ஏற்கெனவே பழகியிருந்த தீவைவிடப் பொருத்தமான களம் வேறு இருந்திருக்க முடியாது.

அதன்பின் குதிரைத் தியாகம் மனிதருக்கு மட்டும் உரியதாக இல்லை. 1997 மே 11இல் நியூயார்க்கில் டீப் புளூ கணிப்பொறி எட்டாவது நகர்வில் குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாயை வெட்டியது. கறுப்பு அரசன் நடுவில் சிக்கி, கறுப்பில் ஆடிய காஸ்பரோவ் 19ஆம் நகர்வில் பணிந்தார். அந்தத் தியாகம் மனிதர்கள் முன்பே ஆராய்ந்து வைத்திருந்தது. இயந்திரம் கணக்கிட்டுக் கண்டுபிடித்தது அல்ல. அவ்வகையில் அது மனித அறிவின் வெற்றியும்கூட.

தமிழர் ஒருவர் பலகையில் நிகழ்த்திய மிகச் சிறந்த குதிரைத் தாக்குதல் 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வெய்க் ஆன் சேயில் நடந்தது. அப்போது உலக வாகையராக இருந்த விசுவநாதன் ஆனந்த், லெவோன் அரோனியனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களில் ஆடினார். ஒரு குதிரை ஏற்கெனவே எதிரி அரசனுக்கு முன்னால் போய் நிற்கிறது. 15ஆம் நகர்வில் மந்திரியைச் சிப்பாயின் வாயில் வைக்கிறார். 16ஆம் நகர்வில் இரண்டாவது குதிரையை இரண்டு சிப்பாய்கள் வெட்டக்கூடிய நடுக்கட்டத்தில் நிறுத்துகிறார். எந்தச் சிப்பாய் எதை வெட்டினாலும் வெள்ளை அரசனுக்கு எதிரே ஒரு வழி திறந்துவிடுகிறது. வெள்ளைக் குதிரை உள்ளே புகுந்து கறுப்பின் தேரை வெட்டியபோதும் ஆனந்த் அதைத் திரும்ப வெட்டவில்லை. ஒரு சிப்பாயை முன்தள்ளி, தாக்குதலின் மையமான குதிரையை நிலைநிறுத்தினார். தேரைத் தின்ற வெள்ளைக் குதிரை இரண்டு நகர்வுகளில் தானே ராணியிடம் சிக்கியது. 23ஆம் நகர்வோடு அரோனியன் ஒப்புக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், வேட்டி கட்டிய குதிரையான 'தம்பி'யைத் தன் சின்னமாக வைத்தது. அந்தக் குதிரையின் மரபில் குலாம் காசிமுக்கும் ஓர் இடம் உண்டு. மதராஸ் கப்பல்கள் பினாங்கில் நங்கூரமிட்ட காலத்தில் எழுதப்பட்ட அவருடைய வரிசை, இன்று ஜார்ஜ் டவுனில் சதுரங்கம் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் குதிரைத் தியாகப் பாடமாகச் சொல்லித்தரப்பட வேண்டும்.